கிழக்கு பார்த்த படகு

சாப்பாட்டில் உப்பு குறைந்தால் ரெங்கசாமி பொறுத்துக்கொள்வார். தொழிற்சாலைக்குப் போகும் ஃபெரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். வீட்டு வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் யார் தலைகீழாக நின்றாலும் அவரை அசைக்க முடியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பபேடான் பேட்டையில் குடியிருந்த ஏழு வாடகை அறைகளில் ஒன்றுகூடக் கிழக்கே பார்க்கவில்லை. ஒன்று மாடிப்படியைப் பார்த்தது. இன்னொன்று பக்கத்துக் கட்டிடத்தின் சாக்கடைக் குழாயைப் பார்த்தது. கடைசி அறை தெற்கே பார்த்தது. அதனால்தான் அந்தக் கட்டிடத்தையே இடிக்கப் போகிறார்கள் என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில், திருப்பி வைக்கக்கூடிய ஒரு வீடு கிடைத்தால் என்ன செய்வார் என்று கனகாம்பாள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீடு கிடைத்ததே அவளுக்கு அப்போது பெரிதாக இருந்தது.

கட்டிடத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகு இரண்டு மாதம் அலைந்தார்கள். வாடகையைக் கேட்டாலே மயக்கம் வந்தது. கடைசியில் இரண்டே வழி மிஞ்சியது. மிங்கலாடோனில் இருந்த அவள் அண்ணன் வீட்டில் ஓர் ஆள் படுக்க இடம் உண்டு. ரெங்கசாமி மூட்டை கட்டும் வேலை பார்க்கிற ஷ்வேப்யிதா தொழிற்சாலையில் ஆண்களுக்கு மட்டும் விடுதி உண்டு. “நீ அங்க இரு, நான் இங்க இருக்கேன். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்தவர்கள் இல்லை அவர்கள்.

அந்த நேரத்தில்தான் பாசில் தம்பி படகைப் பற்றிச் சொன்னான். பாசில் பபேடானில் வெங்காய மண்டி வைத்திருப்பவன். அவன் அத்தா காலத்தில் வெங்காயம் ஏற்றிவந்த மரப்படகு, அவர் இறந்த பிறகு பசுண்டாங் கால்வாயில் சும்மா கிடந்தது. முப்பதடி நீளம், ஏழடி அகலம், வளைந்த தகரக் கூரை, பின்பக்கம் ஒரு வாசல்.

“ஒரு மாசம் இருந்து பாருங்கக்கா” என்றான். “ஆனா ஒண்ணு. எங்க அத்தா இருபது வருஷம் வச்சிருந்தாரு, அதுல ஒரு கீறல் விழுந்ததில்ல. உங்களால பாத்துக்க முடியலேன்னா மரக்கடைக்காரன் தினம் கேக்கறான், குடுத்துடுவேன். பிரிச்சு பலகையா எடுத்துக்குவான்.”

கனகாம்பாள் அந்த ஒரு மாதத்தைப் பிடித்த பிடியில் பிடித்துக்கொண்டாள். கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதா பெரிய வேலை? இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனையே பார்த்துக்கொள்ளவில்லையா?

சனிக்கிழமை சாயங்காலம் குடிபுகுந்தார்கள். கால்வாயின் மேற்குக் கரையில், பழைய படகுத்துறை ஒன்றின் தேக்குத் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. தூணுக்கு ஒன்றாக ஒன்பது படகுகள், ஒன்பது குடும்பங்கள். இவர்களுடையது பத்தாவது. படகோட்டி கோ வின், படகின் மூக்குப் பக்கத்தை மட்டும் தூணில் ஒரே கயிற்றால், அதுவும் தொளதொளவென்று, நீளமாகக் கட்டிவிட்டு, “இப்படியே இருக்கட்டும்” என்று பர்மியத்தில் சொல்லிவிட்டுப் போனான். படகு நீரோட்டத்தோடு திரும்பி நின்றது. வாசல் தெற்கே பார்த்தது.

ரெங்கசாமியின் முகத்தில் ஈயாடவில்லை.

கனகாம்பாளுக்கு வேறு கவலை. பக்கத்துப் படகில் இருந்த டோ சான் யீ என்ற பர்மியக் கிழவி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, வெற்றிலை மென்றபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகாம்பாள் சிரித்தாள், அவள் சிரிக்கவில்லை. அதைவிட மோசம், அவள் கூரையின் கீழே வரிசையாகக் கயிற்றுத் துண்டுகள் தொங்கின. வெள்ளை, பச்சை, கறுத்துப்போன பழைய தேங்காய் நார்க் கயிறு என்று பதினைந்துக்குக் குறையாது. எல்லாம் முழ நீளம், எல்லாவற்றிலும் முடிச்சு.

“ஏங்க, அந்தம்மா சூனியம் வைக்கிறவ போலருக்கு” என்று முணுமுணுத்தாள்.

ரெங்கசாமி காதில் எதுவும் விழவில்லை. அவர் சூரியன் எங்கே உதிக்கும் என்று விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் கரை வரைக்கும் ஏறி அசையாமல் நின்றது. கோ வின் சந்தைக்குப் போயிருந்தான். ரெங்கசாமி லுங்கியை மடித்துக் கட்டினார், ஒரு மூங்கிலை எடுத்தார், தள்ளினார். முப்பதடிப் படகு சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாகத் திரும்பி, மூக்கைக் கரைக்கும் வாசலைக் கிழக்குக்குமாக வைத்து நின்றது. எங்கே மறுபடி தெற்கே திரும்பிவிடுமோ என்று நாலு மூலையிலும் கட்டினார். இடப்பக்கம் இரண்டு கயிறு, தேக்குத் தூண்களில். வலப்பக்கம் தூண் இல்லாததால் இரண்டு மூங்கிலை அவரே சேற்றில் ஊன்றி, அவற்றில் கட்டினார். ஒரு விரல்கூட நுழையாத இறுக்கம். இருபது வருஷமாகத் துணி மூட்டை கட்டுகிறவர் அவர். அவர் போட்ட முடிச்சு கப்பல் ஏறி எந்தத் தேசம் போனாலும் அவிழாது என்று தொழிற்சாலையில் பெயர்.

“இப்ப புயலே அடிச்சாலும் அசையாது கனகு” என்றார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது.

கனகாம்பாளுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். வாசல் வழியே உதயசூரியன் வெளிச்சம் நேராக உள்ளே வந்து விழுந்தது. மஞ்சள் தெளித்தாள், சாமி படத்துக்குப் பூ வைத்தாள், புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. பாயசத்துக்குச் சேமியா வறுத்தாள். பாசில் ஒன்பதரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். டோ சான் யீ தன் படகிலிருந்து கயிறுகளைப் பார்த்தாள், ரெங்கசாமியைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரெங்கசாமி பெருமையாகக் கையசைத்தார். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

ஒன்பது மணிவாக்கில் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு வலது பக்கம் போனது. கனகாம்பாள் எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது.

“ஏங்க, சாயுதே.”

“படகுன்னா ஆடத்தான் செய்யும்.”

“இது ஆடல. சாயுது.”

கனகாம்பாள் வெளியே வந்து பார்த்தாள். காலையில் கரையைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. இடப்பக்கத்துக் கயிறுகள் தூணின் உச்சியிலிருந்து விறைத்துக்கொண்டு படகைத் தூக்கிப் பிடித்திருந்தன. வலப்பக்கத்து மூங்கில்கள் சேற்றிலிருந்து நெகிழ்ந்து தண்ணீரோடு சாய, அந்தப் பக்கம் கீழே போய்க்கொண்டிருந்தது. மற்ற ஒன்பது படகுகளும் ஒற்றைக் கயிற்றில் தளர்வாக, தண்ணீரோடு தாமும் இறங்கி நிம்மதியாக மிதந்தன. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கால்வாய் இது என்று பத்தாவது படகுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

ரெங்கசாமி பாய்ந்து போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழுமா? அவர் போட்ட முடிச்சாயிற்றே. படகின் மொத்த பாரமும் அதில் தொங்கியது. நகம் பிய்ந்தது, முடிச்சு நெகிழவில்லை. உள்ளே பாத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பாயசம் அடுப்போடு போய் வலப்பக்கச் சுவரில் மோதியது. பலகை ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. வலப்பக்க விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளிதான்.

கனகாம்பாள் சாமி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னை அறியாமல் டோ சான் யீயின் படகைப் பார்த்துக் கத்தினாள். என்ன மொழியில் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் கிழவி கையில் வெட்டுக்கத்தியோடு அப்போதே வெளியே வந்துகொண்டிருந்தாள். அவள் போட்ட ஒரு சத்தத்துக்கு எல்லாப் படகிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். சந்தையிலிருந்து திரும்பிய கோ வின் கூடையைக் கரையில் எறிந்துவிட்டுச் சேற்றில் குதித்தான். ஆறு பேர் மூங்கிலை வலப்பக்க விளிம்புக்கு அடியில் கொடுத்துத் தோளில் தாங்கினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இதற்கென்றே ஒத்திகை பார்த்துவைத்தவர்களாக ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். டோ சான் யீ தூணருகே போனாள், முதல் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தாள். இரண்டாவதையும் அறுத்தாள். படகு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது, இரண்டு முறை குலுங்கியது, நேரே நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தால், கரையில் வெள்ளைச் சட்டையும் கையில் ரவைக் கேக் பெட்டியுமாகப் பாசில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

பாசில் படகில் ஏறினான். கயிறு கட்டியிருந்த இடத்தில் விளிம்புப் பலகை முக்கால் முழத்துக்குப் பிளந்திருந்தது. அதைக் கையால் தடவினான். ரெங்கசாமி ரத்தம் கசியும் விரல்களை லுங்கியில் ஒளித்துக்கொண்டு நின்றார்.

“தப்பு எம்மேலதான் தம்பி” என்றார். “இவ வேணாம்னுதான் சொன்னா.” அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

மிங்கலாடோன் வீட்டின் சமையலறை ஓரம் கனகாம்பாளின் கண் முன் வந்து நின்றது. ஒரு பாய், ஒரு தலையணை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வாசலில் விருந்தாளியாக வந்து நிற்கப்போகும் இந்த மனுஷன்.

“ஒரே நாள்லயா அண்ணே?” என்றான் பாசில். “எங்க அத்தா இருபது வருஷம்...”

“உன் அப்பாவா?” என்று பர்மியத்தில் குறுக்கிட்டாள் டோ சான் யீ. அவள் தன் படகுக்குப் போய், கூரையின் கீழே தொங்கிய கயிறுகளில் கடைசியாக இருந்த கறுத்த தேங்காய் நார்க் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள். “இது உன் அப்பா கயிறு. படகு வாங்கின மறுநாள். அவரும் ஓடிடப் போகுதுன்னு நாலு பக்கமும் கட்டினாரு. அன்னிக்கு அரைப் படகு வெங்காயம் தண்ணியில போச்சு. இதே கத்தியாலதான் அறுத்தேன். பலகையத் தாரு பூசி மறைச்சாரே, அந்தப் பக்கம் போய்ப் பாரு.”

பாசில் போய்ப் பார்த்தான். குனிந்து, நகத்தால் சுரண்டி, ரொம்ப நேரம் பார்த்தான். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தான், கண் கலங்கியும் இருந்தது.

“ஒரு கீறல் கிடையாதுன்னு எங்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பாரு!”

“இங்க இருக்கற எல்லாப் படகும் ஒரு தடவை தொங்கினதுதான்” என்றாள் கிழவி. கனகாம்பாளிடம் கூரைக் கயிறுகளைக் காட்டி, “அது அவன், அது இவன், அந்தப் பச்சை கோ வின். நானும்தான். என் கயிறை அறுத்தவங்க செத்துட்டாங்க, கத்தி எங்கிட்ட இருக்கு. காலையில சொல்லலாம்னு வந்தேன், உன் புருஷன் ராஜா மாதிரி கையாட்டினான். சரி, அவனுக்கும் ஒரு முறை வரட்டும்னு கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

சேற்றில் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். கனகாம்பாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சூனியக்காரி என்று நினைத்த கையையே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “சேசு தின் பாதே” என்று நன்றி சொன்னாள். பிறந்ததிலிருந்து கடைகளில் தினமும் சொல்லும் வார்த்தைதான், அன்றைக்குத்தான் அதன் முழு எடையும் தெரிந்தது. கிழவி கையை உருவிக்கொண்டு, “பசிக்குது, என்ன வச்சிருக்கே?” என்றாள்.

“இருங்கக்கா” என்றான் பாசில். “ஒரு மாசமெல்லாம் இல்ல, இருங்க. மரக்கடைக்காரன் வேற படகு பாத்துக்கட்டும்.”

சுவரில் மோதியது போக மிஞ்சிய பாயசமும் ரவைக் கேக்குமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். கோ வின், படகின் மூக்குப் பக்கத்தை மட்டும் ஒரே நீளக் கயிற்றில், தொளதொளவென்று கட்டினான். வாசல் பழையபடி தெற்கே திரும்பியது. ரெங்கசாமி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இரண்டு மணிக்கு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு கடல் பக்கத்திலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியது. பத்துப் படகுகளும் ஒன்றாகத் திரும்ப ஆரம்பித்தன. யாரும் தள்ளவில்லை, யாரும் தொடவில்லை. மூக்கு தூணிலேயே இருக்க, வாசல் தெற்கிலிருந்து மெதுவாக நகர்ந்து, கால்வாயின் அகலத்தைப் பார்த்து நேர் கிழக்கில் வந்து நின்றது.

ரெங்கசாமி எழுந்து நின்றார். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

“இது எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டார்.

“ஒரு டீ குடிக்கற நேரம்” என்றாள் டோ சான் யீ. “அப்புறம் வடக்கே போயிடும். தண்ணி திரும்பற போதெல்லாம் இப்படி வரும். ஒரு நாளைக்கு நாலு தரம்.”

“நாலு தரமா?” அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கனகு, ஏழு வீட்டுலயும் ஒரு தரம்கூட வரலியே.”

கிழவி தன் படகுக்குத் திரும்பி, அறுத்த கயிற்றில் ஒரு துண்டைக் கூரையின் கீழே, பாசில் திருப்பிக் கொடுத்த அத்தா கயிற்றுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட முனை பிரிபிரியாகக் காற்றில் ஆடியது. ரெங்கசாமி போட்ட முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி இறுகியே இருந்தது.