பக்குவமாய்ச் சொன்ன சேதி

நல்ல சேதியென்றால் சுபாஸ்ரீ இங்கிலீஷில் எப்படியாவது ஒப்பேற்றிவிடுவாள். கெட்ட சேதியைத் தமிழில் சொல்வதற்கே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தேனிக்குப் பக்கத்தில் ஒரு நூல்மில்லில் அவள் எச்.ஆர். ஒடிசா, பீகார், அஸ்ஸாம் என்று அங்கே பாதிப் பேர் வெளி மாநிலம். யாரிடம் பேசுவதற்கு முன்னாலும் வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பாள். பேசி முடித்த பிறகும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

அன்று காலை பத்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. குவாலிட்டி என்ஜினீயர் பிரஞ்சலின் அண்ணன், அஸ்ஸாமிலிருந்து. விடியற்காலையில் அம்மா இறந்துவிட்டார். மில்லுக்குள் செல்போனை விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். "நாளைக் காலைவரை வைத்திருப்போம். மதுரையில் மதிய விமானத்தைப் பிடித்தால் முகத்தைப் பார்த்துவிடுவான். நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள்" என்றார்.

மேனேஜர் ராஜமணி விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். "பட்டுன்னு சொல்லிராதம்மா. பக்குவமாச் சொல்லு. நான் காருக்குச் சொல்றேன்."

பக்குவம் அவளுக்குத் தெரியாததா? மதுரையில் படித்தபோது சித்தப்பா ஹாஸ்டலுக்குப் போன் செய்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு ஆத்தா, கெளம்பி வா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே அழுதுகொண்டுதான் ஏறினாள். இந்தப் பக்கத்தில் சாவை யாரும் உடைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவருக்கும் உடைக்க வேண்டியதில்லை.

பிரஞ்சல் தலையெல்லாம் பஞ்சு ஒட்ட ஷெட் வாசலுக்கு வந்து நின்றான். ஒத்திகை பார்த்து வந்த இங்கிலீஷை அவள் அப்படியே ஒப்பித்தாள். "உங்கள் அம்மாவுக்கு சீரியஸ். உடனே கிளம்புங்கள். மதியம் விமானம் இருக்கிறது. கேட்டில் கார் நிற்கிறது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி" என்றான்.

புரிந்துகொண்டான் என்று நினைத்தாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் அவன் ஏதாவது கேட்பான், பதில் சொல்ல இங்கிலீஷ் வராது, அழுகைதான் வரும் என்ற பயத்தில் விறுவிறுவென்று திரும்பிவிட்டாள். அவள் செய்த பாவம் அதுதான்.

பன்னிரண்டரைக்கு டிரைவர் கூப்பிட்டு, "மேடம், சார் இன்னும் வரலையே" என்றார். கேட்டுக்கு ஓடினாள். பாதியில் நின்ற சோதனையை முடித்து, உதவியாளிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, அவன் அப்போதுதான் வெளியே வந்திருந்தான். போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குப் பத்து மணிக்கே தெரியுமா?"

"எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்."

"உங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும்" என்றான். "அம்மாவுக்கு இரண்டு தடவை சீரியஸ் ஆகியிருக்கிறது. இரண்டு தடவையும் பிழைத்து வந்தாள்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் விளக்கம் சொல்வதைப்போலச் சொன்னான்.

மதிய விமானம் கிடைக்கவில்லை. மறுநாள் கொல்கத்தா விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது, அம்மாவின் முகத்தைப் போனில்தான் பார்த்தான். அதை அவனுடைய அண்ணன் அவளுக்கு ஒரே வரியில் செய்தியாக அனுப்பியிருந்தார். அவள் அதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தாள்.

அன்று சாயந்தரம் ஷெட்டில் வேலை பார்க்கும் சங்கிலியம்மாள் அவள் மேஜைக்கு வந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை வைத்தாள்.

"அந்த அஸ்ஸாம் தம்பி ஊர்லருந்து வந்ததும் குடுத்துரும்மா. அவுகம்மாவுக்கு முடியலையாம்ல. நேத்து மிசினுக்குப் பக்கத்துல நின்னு கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. வீரபாண்டிக்குப் போயி அம்மங்கிட்ட வேண்டிக்கிட்டு வந்தேன். இப்ப எப்பிடி இருக்காக?"

சுபாஸ்ரீயின் நாக்கு பழகின இடத்துக்கே போனது. "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"செத்துப் போனாகக்கா" என்றாள். "நீங்க வேண்டுறதுக்கு முன்னாடியே. அவரு கும்பிடுறதுக்கும் முன்னாடியே."

சங்கிலியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளையே பார்த்தாள்.

"இப்பிடியா ஆத்தா, பட்டுன்னு சொல்லுவ?"