பன்னிரண்டு வகுப்பு, ஒரு அறை

ஆறே முக்காலுக்கே புல்வெளியில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு டீச்சர் காத்திருந்தாள். வகுப்பு ஏழு மணிக்கு. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு ஏழு என்றால் ஏழேகால். அதற்குள் இடது முழங்காலில் சுற்றியிருந்த பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கி, அதன்மேல் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பட்டை வெளியே தெரியக் கூடாது.

அவளும் விடுமுறைக்கு வந்தவள்தான். விடுதிக்காரர்கள் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. கணவருக்கும் சேர்த்து ஆறு நாள் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. பதிலுக்குக் காலையும் மாலையும் ஒரு மணி நேரம், பாட்டுப் போட்டு விருந்தாளிகளை ஆடவைத்து வியர்க்க வைக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு வகுப்பு. ஒன்று தவறினாலும் அன்றைக்கே அறையைக் காலி செய்துவிட வேண்டும். ஆடும்போது முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது என்பதும் அதே தாளில் இருந்தது.

கணவர் பஸ் டிரைவர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகிறது. இடம் மாறினால் தேவலை என்று டாக்டர் சொன்னார். "சொல்லிட்டுப் போயிடுவாரு. மாறுறதுக்கு இடத்த யாரு குடுப்பா?" என்றார் கணவர். அப்போதுதான் டீச்சர் இந்த விடுதிக்கு எழுதிப்போட்டாள். வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர், வந்த முதல் நாளே நான்கு சாப்பிட்டார். இரண்டாம் நாள் நீச்சல் குளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அதைப் பார்த்தபிறகு முழங்கால் வலியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

தள்ளுவண்டியில் துண்டுகளோடு துண்டக்கா வந்தாள். விடுதியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தொடும் வயது, நீலச் சீருடை. வியர்வை துடைக்கும் துண்டுகளைச் சுருட்டி மேஜையில் அடுக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆனால் மேஜைக்கு அடியில் அவள் கால் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் டீச்சரின் கால் எழும்புவதற்குள் அவள் கால் எழும்பியது.

"நீங்க ஆடுவீங்களாக்கா?" என்று டீச்சர் இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள்.

"நல்லா கேட்டீங்க. இந்தப் புல்லுல அஞ்சு வருஷம் நாந்தான் டீச்சர்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சம்பளமே வேணாம், ரூம் குடுத்தா போதும்னு உங்கள மாதிரி ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. வாரத்துக்கு ஒருத்தர். மேனேஜர் என்ன வெளிய அனுப்பல. துண்டு மடிக்கச் சொன்னாரு."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ஏம்மா மூஞ்ச தொங்கப் போடுறீங்க? உங்க பாடு உங்களுக்கு," என்றாள் துண்டக்கா.

நான்காம் நாள் காலை, மூன்றாவது பாட்டில் முழங்கால் காலை வாரிவிட்டது. டீச்சர் நொண்டிக்கொண்டே வந்து துண்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே நாற்பது பேர். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காந்துடாதீங்க," என்றாள் துண்டக்கா, உதடு அசையாமல். "உக்காந்தா வகுப்பு நின்னுச்சுன்னு எழுதிடுவாங்க. மைக்ல எண்ணிக்கிட்டே இருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

செருப்பை உதறிவிட்டு அவள் முன்னால் போய் நின்றாள். அரை மணி நேரம் ஆடினாள். அந்தத் தடித்த சீருடைக்குள் அப்படி ஒரு உடம்பு இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. தொந்தி வைத்த ஒரு பெரியவர் விசிலடித்தார். டீச்சர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நின்றாள். அவளைவிட நன்றாக ஆடினாள் துண்டக்கா. அதில் டீச்சருக்குக் கொஞ்சம்கூடப் பொறாமை வரவில்லை, அழுகைதான் வந்தது.

வகுப்பு முடிந்ததும் சமையலறையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து கொடுத்ததும் துண்டக்காதான். மாலை வகுப்பை டீச்சர் இரண்டு பட்டை சுற்றிக்கொண்டு ஒப்பேற்றினாள்.

அன்றைக்கு அறைக்கு ஒரு படிவம் வந்திருந்தது. ஊழியர்களில் யாரைப் பாராட்ட விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. டீச்சர் யோசிக்கவே இல்லை. துண்டு கொடுக்கும் அக்கா என்று எழுதினாள். இன்று காலை என்னோடு சேர்ந்து பிரமாதமாக ஆடினார், அவருக்கே மறுபடி வகுப்பு கொடுக்கலாம் என்றும் சேர்த்தாள். முழங்காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நல்லா எழுதியிருக்க. அந்தம்மாவுக்கு ஒரு விடிவு வரட்டும்," என்றார் கணவர். நல்ல காரியம் செய்த நிறைவோடு இருவரும் படுத்தார்கள்.

மறுநாள் மதியம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் படிவம் இருந்தது. கதவோரம் துண்டக்கா கைகட்டி நின்றிருந்தாள்.

"துண்டு வேலையில இருக்கறவங்க கெஸ்ட்டோட சேந்து ஆடக் கூடாதுங்க. அந்த வேலைக்கு மாத்தும்போதே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க," என்றார் மேனேஜர். குரலில் கோபமே இல்லை. "உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான். நீங்க கூப்பிட்டீங்களா, அவங்களா வந்தாங்களா?"

டீச்சர் வாயைத் திறந்தாள்.

"கூப்பிட்டேன்னு சொன்னீங்கன்னா ஏன்னு எழுதணும். வகுப்பு எடுக்க முடியலையா, உடம்பு சரியில்லையா, எல்லாம் எழுதணும்."

ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம் தெரிந்தது. கணவர் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தார். நெஞ்சில் கை வைக்காமல் நடந்தார். இன்னும் மூன்று வகுப்பு பாக்கி.

"அவங்களா..." என்றாள் டீச்சர். "அவங்களாத்தான் வந்தாங்க."

"ஆமா சார்," என்றாள் துண்டக்கா. டீச்சர் பக்கம் அவள் திரும்பவில்லை.

ஆறாம் நாள் காலை துண்டு மேஜையருகே ஒரு புதுப் பெண் நின்றாள். விசிலடித்த பெரியவர் அவளிடம் போனார்.

"அந்த அக்கா எங்கம்மா?"

"லீவு சார்."

"எடுக்கட்டும், எடுக்கட்டும். நாம மட்டும் ஜாலியா இருந்தா போதுமா?" என்று சிரித்துக்கொண்டே வரிசையில் போய் நின்றார்.

பாட்டு தொடங்கியது. நாற்பது பேரும் டீச்சரைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், வேலிக்கு அருகே ஊழியர் வாசல் இருந்தது. துண்டக்கா சீருடை இல்லாமல் அங்கே நின்றாள். காவலாளி அவள் பையைச் சிமென்ட் திண்டில் கவிழ்த்துக் கொட்டினான். ஒரு சாப்பாட்டு டப்பா, சீப்பு, கறுப்புத் துணியில் தைத்த பழைய ஆட்டச் செருப்பு ஒரு ஜோடி. செருப்பை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை.

துண்டக்கா எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

டீச்சரின் வலது கை அவளை அறியாமல் மேலே போனது. அடுத்த கணம் நாற்பது கைகள் மேலே போயின. எல்லோரும் சிரித்தபடி கையை உயர்த்தி நின்றார்கள், புது அசைவு போலிருக்கிறது என்று. துண்டக்கா அந்த முதுகுகளையும் கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலைத் தாண்டிப் போனாள். கையை இறக்க டீச்சருக்குத் தோன்றவில்லை. அவள் இறக்காததால் அவர்களும் இறக்கவில்லை.