பாயில் சிரித்த பூனை

மழையென்றால் ஊரூர்க் குப்பத்து அங்காளம்மாளுக்கு அதுவரை பயமே இருந்ததில்லை. அன்று முதல் துளி மூக்கில் விழுந்ததும் கடலோரத்துக்கு ஓடினாள். கடலில் இருக்கும் கட்டுமரத்தின் பாய் இப்போது நனையும். நனைந்தால் பூனை தெரியும்.

எந்தப் பூனை என்று கேட்டால் அந்த வருஷத்து மதராசில் கைக்குழந்தைகூடச் சிரிக்கும். கோணல் தொப்பி, சுழலும் கைத்தடி, காதுவரைக்கும் பல். வெள்ளைக்காரன் வரைந்து ஆடவிட்ட சினிமாப் பூனை. மயிலாப்பூர் டூரிங் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் அது கொஞ்ச நேரம் குதிக்கும். பாதி ஜனம் அதற்காகவே வரும். தீப்பெட்டியில் அது, சோடாக்கடைப் பலகையில் அது, ஆழ்வார்பேட்டை பங்களாப் பிள்ளைகளின் சட்டையிலும் அதுதான். ஊரே தூக்கிவைத்துக் கொஞ்சியது. கடலுக்குப் போகிறவனுக்கு அதெல்லாம் ஆகுமா? பூனை குறுக்கே வந்தால் தள்ளிய கட்டுமரத்தைத் திரும்ப மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஜனம் அது.

கொட்டகையில் விளம்பரப் படுதா எழுதும் வலியுல்லா அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர். பூனை வரைந்த பழைய படுதா ஒன்றை அவர்தான் சும்மா கொடுத்தார். கெட்டிக் காடாத்துணி. வீட்டில் புருஷன் ரங்கனின் பாய் கிழிந்து கிடந்தது, ஒட்டுப்போட வேறு துணி கிடையாது. பூனை முகத்தை உள்பக்கம் வைத்துத் தைத்து, சாயத்தில் முக்கிக் காயப்போட்டாள். ஈரத்தில் இரண்டு கண் தெரிந்தன; காய்ந்ததும் மறைந்தன. யாரிடமும் மூச்சுவிடவில்லை. காய்ந்துவிட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாளாம். கடலில் காய்ந்தே இருக்கிற பாயை எவன் கண்டான்!

ரங்கனோடு போயிருந்தவன் அவள் தம்பி முனியன். சரியான பயந்தாங்கொள்ளி. பாயில் பூனையைப் பார்த்தால் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து அறுத்துவிடுவான். இந்தக் காற்றில் பாய் இல்லாமல், துடுப்பை மட்டும் நம்பிக் கரைசேர முடியாது. புருஷனையும் தம்பியையும் ஒரே ஊசியில் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மற்ற மரங்களெல்லாம் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டுத் தேவானை அவள் தோளைப் பிடித்தாள்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரர் மரத்த மட்டும் காணமே?"

அங்காளம்மாள் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தேவானையே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அது இன்னா பாயில?"

மழைக்குள்ளிருந்து அது வந்தது. ஆள் உயரத்துக்கு, தொப்பியோடு, அலைக்கு அலை குதித்துச் சிரித்துக்கொண்டு வந்தது. கரையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவள் பூனையைப் பார்க்கவில்லை, பின்னால் ஆள் தெரிகிறதா என்றுதான் பார்த்தாள். துடுப்போடு ரங்கன் இருந்தான். முனியனைக் காணோம். தண்ணீருக்குள் இறங்கி ஓடினாள்.

முனியன் பாய்மரத்தடியில் கிடந்தான். கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. உயிரோடுதான் இருந்தான்.

"பாய அறுக்க வந்தான். கட்டிப் போட்டுட்டேன்" என்றான் ரங்கன்.

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான்யா தெச்சேன். உங்கிட்ட மறச்சிட்டேன்."

"தெரியும்மே. மொத நாளே பனியில பாத்தேன்."

"அப்பால ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ பிரிச்சிப் போட்ருப்ப. வேற துணி எங்க கீது?"

எவ்வளவு தைரியம் என்று அண்ணாந்து பார்த்தவள் திடுக்கிட்டாள். அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. தாடை கிடுகிடுவென்று ஆடியது. காற்று கன்னத்தில் படுவதை வைத்தே அவன் கரைவரைக்கும் ஓட்டிவந்திருக்கிறான்.

"அங்காளு, பாத்து சொல்லு. இன்னும் சிரிச்சிக்கினு கீதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மழை வலுத்திருந்தது. அத்தனை பல்லும் தெரிந்தது.

"இல்லய்யா, போயிடிச்சி" என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணைத் திறப்பதற்குள் தன் உள்ளங்கையால் பொத்திக் கரைக்கு நடத்திக்கொண்டு போனாள்.