நீலம் தெரிந்தது

டீசல் எஞ்சினா, பெட்ரோல் எஞ்சினா என்று எடைபோட்டு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் ராதாகிருஷ்ணன். சுபாங்கில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி அவருடையது. இருபத்திரண்டு வருடமாக அங்கே மெக்கானிக் நான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். டீசல் எஞ்சின் கனம், விலையும் அதிகம். ஆனால் குறைவாகக் குடிக்கும், ஜெட் விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயிலேயே ஓடும். பெட்ரோல் எஞ்சின் லேசு, பழகிய எஞ்சின். அதற்கு ஊற்றும் நீல நிறப் பெட்ரோல்தான் வரவர குதிரைக்கொம்பு. நுஃமான் செத்து நாற்பது நாளாகிறது, எனக்கு ஒருமுறைகூட அழுகை வரவில்லை. வேளாவேளைக்குப் பசிக்கிறது. மனைவி சாந்தமேரி தோசை வைக்க வைக்கத் தின்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நுஃமான் எங்கள் பயிற்சியாளன். அன்று காலை அவனுடைய பெட்ரோல் விமானத்தில், எண்ணெய் ஊற்றும் வேலை பார்த்த வேலாயுதம் தவறுதலாக ஜெட் எண்ணெயை ஊற்றிவிட்டான். டாங்கியில் பாதி பழைய பெட்ரோல் இருந்ததால் மேலே ஏறும்வரை ஓடியது, பிறகு நின்றது. வேலாயுதத்தை வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது பண்டமாரானில் லோரி கழுவுகிறான்.

ஊற்றியதைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடவேண்டும். பெட்ரோல் சுவடில்லாமல் காயும். ஜெட் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்கு வட்டம் நிற்கும். நான் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிறியிருந்தாலும் நீலம் தெரிந்தது. போதும் என்று கையெழுத்துப் போட்டேன். தாளில் பார்த்தீர்களா என்று விசாரணையில் கேட்டபோது பார்த்தேன் என்றேன்.

ராதாகிருஷ்ணன் படித்துமுடித்தார்.

"குட். ஆனா மெயின் பாயிண்ட்ட விட்டுட்டீங்களே இருதயம் அண்ணே. எல்லாம் டீசல்னா ஒரே எண்ணெதான். வேலாயுதம் பண்ண மிஸ்டேக் இனிமே நடக்காது. அத முதல்ல போடுங்க லா."

"அவன் மட்டும் பண்ணல பாஸ். நான் தாள்ல பாக்கல."

அவர் எழுந்துபோய் கதவைச் சாத்தினார்.

"லைசென்ஸ் போயிடும்ணே."

பெட்ரோலையும் ஜெட் எண்ணெயையும் அன்றைய அளவிலேயே கலந்து எடுத்துவந்த குப்பியைப் பையிலிருந்து எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு விட்டேன்.

"சரி, காயட்டும். அப்புறம் பேசலாம்," என்றார், தாளைப் பார்க்காமல்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தேத்தண்ணி ஆறிப்போனது. வட்டம் மெல்ல விரிந்து என் பெயரின் முதல் எழுத்தைத் தொட்டது. அந்த இடத்தில் தாள் கண்ணாடியாகி, அடியிலிருந்த மேசையின் மரம் தெரிந்தது.