அருகில் என்று நாற்பத்தொரு தடவை

பூட்டுக்காரரின் கடை ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு இடம் பெயர்ந்தது. மாலைக்குள் பதினேழு தெருக்களில் இருந்துவிட்டது. காரணம் அவருடைய தங்கை. இணையதளங்களைத் தேடலில் முதல் பக்கத்துக்கு ஏற்றிவிடுவது அவள் பிழைப்பு. பல் டாக்டர், பழைய டயர் விற்பவர், பாட்டு வாத்தியார் என்று ஊரையே ஏற்றிவிட்டுக் கண் எரிந்து கிடந்தவள், ஞாயிற்றுக்கிழமையும் ஓயாமல் அண்ணன் கடைக்கு ஒரு இணையதளம் எழுத உட்கார்ந்தாள். சந்துக்குள் கிடந்த அந்தக் கடைப் பக்கம் ஈ, காக்கா எட்டிப்பார்க்காத காலம் அது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் செல்போனில் என்ன தட்டுவார்கள்? பூட்டு, சாவி, அருகில். நாலு இடத்தில் போட வேண்டிய 'அருகில்' என்ற சொல்லை அசதியில் நாற்பத்தொரு இடத்தில் போட்டுவிட்டாள். தேடுபொறி அதை அப்படியே நம்பிவிட்டது, பாவம்.

அதன்பிறகு யார் தேடினாலும் அவர்கள் தெருமுனையில் கடை இருந்தது. அதே துருப்பிடித்த ஷட்டர், அதே ஆடும் ஸ்டூல், உள்ளே அரமும் கையுமாக அண்ணன். கூட்டம் நெரிந்தது. அதில் அவருக்குக் குறையில்லை. கடையை அடைத்துவிட்டு இறங்கும்போதுதான் கஷ்டம். கடைசியாகத் தேடியவரின் தெருவில் நிற்பார். மூன்று பஸ் மாறி, சில நாள் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேருவார்.

"உங்கண்ணனை ஊருக்கெல்லாம் பக்கத்துல வச்சிட்டே. எனக்கு மட்டும் தூரமாக்கிட்டியேம்மா" என்றாள் அண்ணி.

தங்கை சொற்களை அழித்தாள். தேடுபொறி பழசை மறக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. அதன் வழக்கம் அது, அவசரப்படுத்த முடியாது. ஒரு திங்கட்கிழமை கடை பழைய சந்துக்குத் திரும்பியது. மனிதர் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். பகலெல்லாம் கெடாத பூட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் போன் செய்தார்.

"திரும்பப் போட்டுடும்மா."

"அண்ணி கொன்னுடுவாங்கண்ணே."

"உங்கண்ணிதான் போடச் சொல்றா. இந்த மூஞ்சியைப் பாக்க முடியலையாம்."

நாற்பத்தொன்றையும் திரும்பப் போட்டாள். போட்ட கையோடுதான் அவளுக்கு உறைத்தது: யார் தேடினாலும் வருகிற கடை, வீட்டிலிருந்து தேடினால் மட்டும் வராமலா போய்விடும்? வேலை முடிந்த களைப்போடு போய் அண்ணி பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"என்னன்னு தட்டணும்?"

"புருஷன்னு தட்டினா வராது அண்ணி. பூட்டு சாவின்னு தட்டுங்க."

ஐந்து வருஷமாகிறது. மாலை ஆறரைக்கு அண்ணி தட்டுகிறாள். எதிர்ச்சாரியில் சலவைக்கடையை ஒட்டி வந்து நிற்கிறது கடை. அண்ணன் ஷட்டரை இழுத்துவிட்டுத் தெருவைக் கடக்கிறார். அதே நிமிஷம் வேறு எவராவது தேடிவிட்டால் கடை அங்கே போய்விடும். அண்ணி பெருமூச்சு விட்டு மறுபடி தட்டுவாள். தங்கைக்குக் கண்ணெரிச்சல் குறையவில்லை. சலவைக்காரர் மட்டும் தினமும் ஆறேகாலுக்கு எழுந்து, காயப்போட்ட போர்வைகளை ஒரு முழம் தள்ளிப் போட்டு இடம் விடுகிறார்.