அடி அடுக்கில் கிடைத்தது

என் தம்பி மகள் ஆழ்கடலின் அடியில் படிந்த வண்டலில் பாக்டீரியா தேடினாள். இதை உறவினர் யாரிடமும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. ‘சேறா?’ என்பார்கள். ‘அதுல கிருமியா?’ என்பார்கள். என் மனைவி அவளுக்குச் சேற்றுக்காரி என்றே பேர் வைத்திருந்தாள்.

“கல்யாணம் பண்ணிக்கோன்னா கப்பலேறிப் போய்ச் சேத்த அள்ளிட்டு வர்றா.”

“பெரியம்மா, அந்தச் சேத்துல ஒரு சிட்டிகை எடுத்தா நம்ம சொந்தக்காரங்கள விட அதிகம் பேர் இருக்காங்க. ஒருத்தராவது எனக்கு மாப்பிள்ளை பார்த்தாங்களா?”

கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கிக் கடலடி வண்டலை அப்படியே தூணாக எடுப்பார்கள். அதை அடுக்கடுக்காக வெட்டி, எந்த அடுக்கில் எத்தனை வகை என்று பார்ப்பது அவள் வேலை. கரைக்குப் பக்கத்தில் வகைகள் ஏராளம். நடுக்கடலுக்குப் போகப் போகக் குறையும். மேல் அடுக்கில் சந்தை போல நெரிசல், கீழே போகப் போக ஆளற்ற தெரு. மிகத் தொலைவில் எடுத்த தூணின் அடி அடுக்கில் எதுவும் வளராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்று வளர்ந்தது. தரையில் வாழும் ஒரு வகைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறது என்றாள். உறுதியானால் அதற்கு எங்கள் குடும்பப் பெயரை வைப்பதாகவும் சொன்னாள்.

உறுதியாகுமுன் மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள், பேர் சொல்ல ஒரு பிள்ளைகூட இல்லாமல் போய்விட்டாளே என்றார்கள். என் மைத்துனர் அதைச் சற்று உரக்கவே சொன்னார். என் தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து நின்று, “பேர் சொல்ல ஓர் உயிர் கடலடியில இருக்கு. நம்ம பேர்லயே இருக்கும்” என்றேன். அதன்பின் எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆராய்ச்சி நிலையமும் நினைவுக் கூட்டம் வைத்து அந்தப் பெயரை அறிவிப்பதாகச் சொல்லி அழைப்பிதழ் அச்சிட்டது. உறவினர் அனைவருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அவளோடு வேலை பார்த்த பெண் வீட்டுக்கு வந்தாள். என் தம்பி மகளைப் போலவே அவளும் என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“பெரியப்பா, அது கடல்ல இருந்து வந்தது இல்ல.”

“பின்ன?”

“மனுஷத் தோல்ல இருக்கிறது. வேலை செய்யும்போது எப்படியோ உள்ள போயிருக்கு. மரபணுவ முழுசாப் படிச்சுப் பார்த்ததுல தெரிஞ்சுது. ஒன்றுவிட்ட தங்கச்சியெல்லாம் இல்ல, அதேதான்.”

“யார் தோல்ல இருந்து?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“செத்தவ வந்து பதில் சொல்ல மாட்டாங்கற தைரியமா? நீயும் அதே மேசையிலதான வேலை பார்த்த. உன் கையா ஏன் இருக்கக் கூடாது?”

“என் கையா இருக்கணும்னுதான் பெரியப்பா முதல்ல என்னோடதச் சோதிச்சேன்.”

கூட்டம் முடியும்வரை வாயைத் திறக்காதே என்றேன். நிலையத் தலைவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், முதலில் வீட்டுக்குச் சொல்ல வந்தேன் என்றாள். கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். மறுநாள் காலை தம்பியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

செருப்புக்கு மேல் உறை மாட்டச் சொன்னார்கள். உள்ளே உறைகுளிர்ப் பெட்டிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாம். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே கிருமி வளர்க்கும் கூழ் பூசிய தட்டில் ஐந்து விரலையும் அழுத்த வேண்டும். அதில் வளர்வதை விரல்வாரியாக உறைய வைத்துவிடுவார்கள். பிறகு வண்டலில் ஏதாவது சந்தேகப்படும்படி வளர்ந்தால், அது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

அந்தப் பெண் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று அடி அடுக்கில் வளர்ந்தது. மற்றது என் தம்பி மகளின் விரல்களிலிருந்து எடுத்து வைத்திருந்ததை மறுபடி வளர்த்தது. இரண்டிலும் அதே வெளிர் மஞ்சள் புள்ளிகள்.

“கட்டைவிரல்ல இருந்தது. இந்தச் சோதனையக் கடைசியாப் பண்ணலாம்னு வெச்சிருந்தா. இருந்திருந்தா அவளே கண்டுபிடிச்சுச் சிரிச்சிருப்பா.”

எனக்கு அது போதுமாக இருந்தது. “அப்ப தப்பு அவளுது இல்ல. சோதிக்காம அழைப்பிதழ் அடிச்சது உங்க தலைவர். அவர்கிட்ட நான் பேசிக்கறேன். கூட்டம் சொன்னபடி நடக்கட்டும்.”

தம்பி மேசையருகே போயிருந்தான்.

“இது அவ கையாம்மா?”

“ஆமாப்பா.”

“உயிரோடயா இருக்கு?”

“இருக்கு.”

அவன் குனிந்தான். தட்டின் மூடியில் அவன் மூச்சு படிந்து மறைத்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“வா தம்பி, போகலாம்” என்றேன்.

“கடல்ல கெடச்சதுன்னு சொல்லாதீங்கண்ணா.”

“என்னடா?”

“இது எம் பொண்ணு கை. இதையும் கொண்டுபோய்க் கடல்ல போடுறீங்களே.”

எங்கள் வீட்டில் தம்பிமார் அண்ணனை எதிர்த்துப் பேசுவதில்லை. அவன் அந்தப் பெண்ணிடம், “ஒரு தட்டு குடும்மா, வீட்டுல வெச்சுக்கறேன்” என்றான். கிருமியை வெளியே கொடுக்க அனுமதியில்லை என்று அவள் அழுதாள். வேலையை விட்டுப் போனவர்களுடையதை வைத்திருக்கவும் மாட்டார்களாம். இந்த விஷயம் முடிந்ததும் இரண்டையும் ஆவியில் வேகவைத்து அழித்துவிட வேண்டுமாம்.

அன்றே தலைவரைப் பார்த்து, நடந்ததைக் கூட்டத்தில் நானே சொல்கிறேன் என்றேன். பெயரை அறிவிக்காமல் விட்டால் போதும், விளக்கம் எதற்கு என்றார். எங்கள் வீட்டு விஷயத்தை வேறு யாரும் கிசுகிசுக்க நான் விடுவதில்லை என்றேன்.

கூட்டத்தில் உறவினர் முன்வரிசையில் இருந்தார்கள். மேல் அடுக்கிலிருந்து கீழ்வரை, கரையிலிருந்து நடுக்கடல்வரை அவள் கணக்கெடுத்தவை சரி என்று தலைவர் சொல்லியிருந்தார். அதை முதலில் சொன்னேன். பிறகு, “அடி அடுக்கில் அவள் கண்டதாகச் சொன்ன உயிர் கடலுடையது அல்ல. அவள் கட்டைவிரலிலிருந்து விழுந்தது. கடலில் எங்கள் பெயரில் எதுவும் இல்லை” என்றேன். யாரும் கைதட்டவில்லை.

மேடைப் படியிறங்கியபோது மைத்துனர் பக்கத்தில் வந்தார்.

“அப்ப பேர் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு ஆயிப்போச்சு.”

“ஆமா, இல்ல” என்றேன்.

தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் அவனைக் கண்டுபிடித்தேன். ஆவியில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலன் ஒன்று அங்கே இருந்தது. அதற்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் சுவரோரம் நின்றாள்.

“தட்ட உள்ள வெச்சாச்சா?”

“முடிஞ்சே போச்சுண்ணா. சூடு ஆறாம தெறக்கக் கூடாதாம்.”

“தெறந்து என்ன பார்க்கப் போற?”

“ஒண்ணும் இல்ல.”

அவன் எழுந்திருக்கவில்லை. நான் இன்னொரு முக்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.