ஓடாத வண்டியின் மஞ்சள் விளக்கு

"நான் அந்த வண்டியைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சுன்னு எத்தனை தடவை—"

"தொடாத வண்டியில லைட்டு எப்படிங்க எரியும்? அந்த ஷ்யாம் தம்பி சாவியைப் போட்டதுமே—"

"சென்சார். நிக்கிற வண்டியில சென்சார் போகும். உனக்குச் சொன்னா—"

"புரியாது. முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு எதுவும் புரியாது. கைக்கு, எதுக்கு இப்படிக் கத்துறீங்க? கீழ் வீட்டம்மா காதுல விழும்."

1

விழுந்தது. கீழ் வீட்டம்மா நான்தான்.

எங்கள் சமையலறைக்கும் மேல் வீட்டுச் சமையலறைக்கும் பொதுவாக, குழாய்கள் இறங்குகிற ஒரு சந்து உண்டு. அதன் வழியாகத்தான் இந்தக் கதை எனக்கு வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். குக்கரை அணைத்தேன், அவ்வளவுதான். எனக்குக் கதை எப்போதும் குரலாகத்தான் வரும். முகமும் சட்டையும் வானிலையும் நான் பிறகு ஒட்டுவது. பெரும்பாலும் கோணலாக ஒட்டுவது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் ஜெகநாதன், அவள் நீலா. மகன் ஜெயந்த்.

2

மார்ச் மாத வெயில் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார்களின் மேல்—

(கீழ்த்தளத்தில் ஏது வெயில்? அடித்துவிடலாம்.)

ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு—

(இதை எழுதியவளை எனக்குப் பழக்கமில்லை.)

2, மறுபடியும்

நேராகவே சொல்கிறேன். ஜெகநாதன் காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாச்சாரத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தார்கள். ஜெயந்த் இரண்டு வருடம் முன்பு டொரான்டோ போனான். அவனுடைய கார் கீழ்த்தளத்தில், தூணோரம், உறை போட்டு நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், தெலுங்கும் இங்கிலீஷுமாக, அங்கேயே வீடு பார்த்துவிட்டதையும் வண்டியை விற்றுவிடலாம் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னான். நான்காம் மாடி ஷ்யாம், கோயம்புத்தூர்ப் பையன், ஐடி வேலை, பார்க்க வந்தான். சாவியைத் திருகினான். மற்ற விளக்கெல்லாம் அணைந்தபின்னும் மஞ்சளாக ஒன்று மட்டும் அணையாமல் நின்றது. இன்ஜின் படமாம் அது. எனக்கு மூக்கு வைத்த குடம் மாதிரி தெரிந்தது.

இதுதான் விஷயம்: அந்த விளக்கு அணைந்தால் சனிக்கிழமைக்குள் வண்டி போய்விடும். வண்டி போய்விட்டால் ஜெயந்த் திரும்பி வருவதற்கென்று இந்த ஊரில் மிச்சமிருப்பது ஒன்றுமில்லை. இதை அவர்கள் இருவரும் சொல்லவில்லை. சென்சாரைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

3

மெக்கானிக் மொயின் பாய் வந்தபோது எனக்குக் குப்பை கொட்டுகிற வேலை இருந்தது. (நாங்கள் பால்காரர், மெக்கானிக், தபால்காரர் எல்லோருடனும் பேசுவது இந்த ஊர் உருதுவான தக்னியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்ட 'கைக்கு' என்கிற எதற்கு, 'ஹவ்' என்கிற ஆமாம், 'நக்கோ' என்கிற வேண்டாம், இவற்றை மட்டும் அப்படியே விடுகிறேன்.)

அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"லைட்டு எரிஞ்ச நேரத்துல வண்டி எப்படி இருந்துச்சுன்னு உள்ள பதிஞ்சிருக்கும் சார். பாருங்க. வேகம் ஜீரோ. இன்ஜின் சூடுகூட ஏறல."

ஜெகநாதன் திரையைப் பார்க்கவில்லை.

மொயின் பாய் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. யாரோ தினமும் ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார்கள் என்றார். அதனால்தான் கரி பிடித்து, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், விளக்கு வந்திருக்கிறது. இப்படியே செய்தால் இன்ஜின் போய்விடும்.

"துடைச்சுப் போடறேன். அப்புறம் ரிங் ரோட்டுல ஏத்தி அம்பது கிலோமீட்டர் நல்லா ஓட்டுங்க. அங்கங்கே நிறுத்தி நாலஞ்சு தடவை எடுங்க. லைட்டு தானா அணையும்."

"ஓட்டாம முடியாதா?" என்று கேட்டார் ஜெகநாதன். ஊசி போடாம முடியாதா என்று கேட்கிற குரல்.

"ஓட்டறதுக்குத்தானே சார் வண்டி?"

நீலா தன் கணவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "பாய், டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

4

இனி நான் பார்க்காதது. குரலும் கிடையாது, தைரியம்தான்.

விடிந்ததும் ஜெகநாதன் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்குகிறார். உறையைப் பாதி விலக்கி உள்ளே உட்காருகிறார். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகிற வண்டி. ஜெயந்த் ஆறடி, அவன் பின்னால் தள்ளி வைத்த சீட்டில் இவருக்குக் கால் எட்டாது. அதனால் விளிம்பில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மிதிக்கிறார். சாவி திரும்பியதும் கிலோமீட்டர் எரிகிறது: 41,316. ஜெயந்த் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவைப் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு மாதத்துக்குக் காய் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்திய எண். அதற்கப்புறம் ஒன்றுகூட ஏறவில்லை. ஏற விடவில்லை.*

இவர் கருவிகளைச் சரிபார்த்த மனிதர். நின்றபடி ஓட்டினால் கரி பிடிக்கும் என்று தெரியாமலா இருக்கும்? இந்த இடத்தில் இந்தப் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு தோன்றியது: தெரியும். வேலையில் இருந்தபோது வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

(* பெட்ரோல் தீராதா என்று கேட்பவர்களுக்கு: ஸ்கூட்டரில் ஐந்து லிட்டர் கேன். ஜெனரேட்டருக்கு என்று பங்க்கில் சொல்லி வாங்கினார். அந்தப் பொய்யை ஒவ்வொரு முறையும் முகம் வேர்க்கச் சொன்னார்.)

5

எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது.

ஜெயந்த் இருந்த காலத்தில், சாயங்காலம் அந்த வண்டி கீழே வந்து ஓய்கிற சத்தம் எங்கள் வீட்டிலேயே கேட்கும். உடனே சந்து வழியாக ஒரு குரல் வரும். சில நாள் அவர், சில நாள் அவள். "வந்துட்டான்." அப்புறம் தட்டு வைக்கிற சத்தம்.

அப்படியானால் ஜெகநாதன் தினமும் கீழே போனது வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு அல்ல, அணைப்பதற்கு.

அப்படியானால், மேலே அடுப்படியில் நின்றவளுக்கும் அது கேட்டிருக்கும். இரண்டு வருடம், ஒவ்வொரு காலையும். தொடக்கத்தில் நீலா கேட்ட கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். எனக்குப் புரியாமல்தான் எழுதினேன். அவள் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று கேட்டாள்.

மொயின் பாய் போன பிறகு சந்தில் இறங்கியது இவ்வளவுதான்:

"பேட்டரி செத்துடும்னுதான்."

"ஹவ். பேட்டரிக்குத்தான்."

குழாயைத் திறக்கிற சத்தம்.

6

முடிவுகள்.

அ) மொயின் பாய் அந்தக் கருவியிலேயே விளக்கை அழித்துவிடுகிறார். ஒரு நிமிட வேலை. ஷ்யாம் எடுத்துப் போகிறான். அடுத்த வாரம் அவன் பார்க்கிங்கில் அது மறுபடி எரிகிறது. ஜெகநாதன் இதைக் கேட்டேவிட்டார். நீலா, "நக்கோ. ஷ்யாம் பொண்டாட்டி மாசமா இருக்கா, அவளை ஏத்திக்கிட்டுப் போற வண்டி" என்றாள். போயிற்று இந்த முடிவு.

ஆ) விற்பதில்லை. உறையைப் போட்டு அப்படியே வைப்பது. நான் இந்த முடிவோடு நிறைய நேரம் இருந்தேன். ஆனால் ஓடாமல் காப்பாற்றக் காப்பாற்ற அது உள்ளே கரியாகிக்கொண்டு

இ) ஜெயந்த் போன் பண்ணி, விற்காதீங்க, வரேன் என்று (இல்லை. இது எனக்கு வேண்டிய முடிவு. கதைக்கு வேண்டியது அல்ல. என் வீட்டுப் போனும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அடிக்கும்.)

7

சனிக்கிழமை காலை எனக்கு மறுபடி குப்பை கொட்ட வேண்டியிருந்தது.

உறை மடித்துத் தூணோரம் கிடந்தது. நீலா இடது பக்கம், மடியில் பெரிய காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். போவன்பள்ளிவரை போய்விட்டு, அங்கிருந்து ரிங் ரோட்டில் ஏறுவதாக ஏற்பாடு. இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வெயிலில் நின்றிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் குடம் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் 41,316.

ஜெகநாதன் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார், ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. பத்து நிமிடம் நிற்கிற வண்டிக்கு அது போதும். ஐம்பது கிலோமீட்டருக்குப் போதாது. சீட்டுக்கு அடியில் அதை நகர்த்துகிற ஒரு கம்பி இருக்கிறது. ஜெயந்த் கையைக் கடைசியாகப் பார்த்த கம்பி.

வாட்ச்மேன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஜெகநாதன் ஏதாவது சொல்ல வேண்டும், அல்லது குனிய வேண்டும், அல்லது சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும். அணைத்தால் அந்தச் சத்தமாவது இன்னொரு நாளைக்குக் கிடைக்கும். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதுவதில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது நீலா பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல், கண்ணாடி வழியாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது மட்டும்தான்.

"சீட்டை முன்னாடி இழுத்துக்கோங்க."